நான் அலசிய வெள்ளைத் துணி

மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவந்துபோகும். காஞ்சிபுரத்தில் துணி துவைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். எனக்கு அதைக் கல்லூரியில் வேறு சொல்லிக்கொடுத்தார்கள். வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். அப்படிப்பட்ட நான்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பகலில், அக்கா வீட்டுக் கிணற்றடியில், ஒரு வெள்ளைத் துணியைச் சோப்புப் போட்டுப் பைத்தியக்காரனைப்போலத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணியால் அக்கா கணவரின் பிழைப்பு கெட்டது. கெடுத்தது யார் என்பது இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் இளநிலை உதவியாளன். அதன் பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. எங்கள் பிரிவின் வேலை பொருள்களைச் சுடுவது. எதையாவது உலையில் வைத்து, ஆயிரம் டிகிரிக்குமேல் சூடேற்றி, மணிக்கணக்கில் காத்திருந்து, தாங்கியதா செத்ததா என்று எழுதுவோம். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஜெட் இன்ஜின் ஆராய்ச்சி" என்பேன். இன்ஜினை நான் கண்ணால் பார்த்தது இரண்டு முறை. அந்த இரண்டு முறையும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அந்தச் சத்தம்தான் பிரச்சினை. ஜெட் இன்ஜின் பின்னால் கக்குகிற நெருப்புக் காற்று ஒரு குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாயின் உள்சுவரில், சூடு தாங்குகிற துணியை மெத்தைபோல வைத்துத் தைத்தால் அலறல் அடங்கும். சூடு கண்டபடி வீணாகாமல் எரிபொருளும் மிச்சமாகும் என்பது எங்கள் அதிகாரியின் கணக்கு. துணியாகவே வெளிநாட்டிலிருந்து வாங்க அனுமதி கிடைக்கவில்லை. நூல் மட்டும் சில கண்டுகள் வந்தன. மணலை உருக்கி இழுத்த சிலிக்கா நூல். வெள்ளை வெளேரென்று, தலைமயிரைவிட மெல்லியதாக இருக்கும். தொட்டால் விரலில் கண்ணுக்குத் தெரியாத சிலும்பு ஏறி நாள் முழுக்க அரிக்கும். ஒரு மில்லுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இயந்திரத் தறி அதைத் தூள்தூளாக அறுத்துத் தள்ளியது.

அன்று கேன்டீனில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்ல எங்க மாமா ஒருத்தர் இருக்கார். சிலந்தி நூலைக் கொடுத்தாலும் நெய்துடுவார்" என்று பீற்றிக்கொண்டேன். பக்கத்து மேசையில் அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். குழித்தறியில் பட்டு நெய்பவர். கை சுத்தமான நெசவாளி என்று தெருவே சொல்லும். நெய்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். முதலாளி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பேப்பர் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். எனக்கு அது அவமானமாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்பது, அதிகாரி சொன்ன செய்தியை நான் கொண்டுபோன அன்றுதான் தெரிந்தது.

செய்தி இதுதான். சிலிக்கா நூலில் மூன்று கஜம் நெய்து கொடுக்க வேண்டும். துணி சோதனையில் தேறிவிட்டால் சோதனைக்கூடத்திலேயே தறி போட்டு, மாமாவை நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்வார்கள்.

"நாற்காலி உண்டா மச்சான்?" என்று கேட்டார் மாமா.

"உண்டு மாமா."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போவணுமா?"

"ஆமா மாமா. தினமும்."

அவ்வளவுதான். அன்று மாலையே பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்துவிட்டார். நான் பெங்களூர் கிளம்புவதற்குள் ஏழெட்டுத் தாள் நிரம்பியிருந்தது. அக்கா கிண்டல் செய்தாள். "கலெக்டர் ஆவப்போறாரு உங்க மாமா" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நூலைக் கொடுக்கும்போது அதிகாரி எனக்கு நூறு முறை சொன்ன எச்சரிக்கையை நான் மாமாவுக்கு நூற்றியொரு முறை சொன்னேன். நூலில் ஈரம் படக்கூடாது.

"கஞ்சி போடாம பாவு நூலு எப்டி மச்சான் நிக்கும்? கஞ்சி போடாத பாவை எங்கப்பன் காலத்துலேர்ந்து நான் தறியில ஏத்துனதே இல்லபா."

"கஞ்சி வேணாம் மாமா. எண்ணெய் வேணாம். தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. உங்க வேர்வைகூடப் படக்கூடாது."

"வேர்வை இன்னா பண்ணும்?"

"அதுல உப்பு இருக்குது மாமா. உப்பு பட்ட நூலு வெறும் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். உலையில வெச்சா உளுத்துடும்."

அவர் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். படித்தவன் நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்றுக்கொண்டார். நான் லீவு போட்டு வந்து பார்த்தபோது, நெற்றியைச் சுற்றித் துண்டைக் கட்டி, மணிக்கட்டு இரண்டிலும் துணி சுற்றி, ஆபரேஷன் செய்கிற டாக்டர்போல உட்கார்ந்திருந்தார். விடிந்து வெயில் ஏறும்வரைதான் நெய்வார். வியர்க்க ஆரம்பித்தால் தறியை விட்டு எழுந்துவிடுவார். பட்டு நெய்யும்போது, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா பறக்கும். இதில் அவர் நாடாவைக் கையால் பிடித்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு, கஞ்சி இல்லாததால் நிமிஷத்துக்கு ஒரு முறை அறுந்தது. அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்குவது நெசவாளியின் பழக்கம். விரல் தன்னால் வாய்க்குப் போகும், பாதி வழியில் நிறுத்தி மடியில் துடைத்துக்கொண்டு, வெறும் விரலால் முடிச்சுப் போடுவார். விரல் நுனியெல்லாம் சிலும்பு ஏறிப் புண்ணாகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயது மகளைத் தறிக்கு அருகில் வரவே விடவில்லை.

மூன்று கஜம் நெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாதம் முதலாளி நெய்யக் கொடுத்திருந்த பட்டுப் பாவு பக்கமே அவர் போகவில்லை. முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "எனக்கு வேற வேலை வந்துருக்குதுன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் அப்படிப் பேசியது தெருவில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

துணியை வாங்கிப்போக அதிகாரியே வந்தார். வந்ததென்னவோ மனைவியோடு கோயில் பார்க்கவும் பட்டுப்புடவை எடுக்கவும்தான். போகிற வழியில் துணி. காலையில் கோயில்களை முடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வருவதாகத் தகவல். அவரை அழைத்துவர மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்குப் போய்விட்டார். அக்கா சமையலறையில் இருந்தாள். நான் துணியை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனேன்.

துணியின் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் இருந்தது.

புதுத்துணி எதையும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். தீபாவளிக் கோவணத்துக்குக்கூட உண்டு. கணவன் ஒரு மாதம் கையைப் புண்ணாக்கிக்கொண்டு நெய்த துணி, அவன் தலையெழுத்தையே மாற்றப்போகிற துணி. அதற்கு மஞ்சள் வைக்காமல் அனுப்ப அக்காவுக்கு மனசு வரவில்லை. உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்து, சாமி கும்பிட்டுவிட்டு, வைத்திருக்கிறாள்.

நான் கத்தினேன். "அறிவிருக்குதா உனக்கு? இது இன்னா புடவைன்னு நெனச்சியா? ஏரோப்ளேன் இன்ஜினுக்குப் போற துணி. இதைப் பாத்தா அவரு என்னைப் பத்தி இன்னா நெனப்பாரு?"

அக்கா கரண்டியோடு நின்றாள். "நல்லது நடக்கணும்னு வெச்சேன்டா" என்றாள்.

கடைசியாக நான் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். துணிக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் கேட்டேன். பெங்களூரில் பேன்ட் போட்டுக்கொண்டு, டிகிரிக் கணக்குப் பேசிக்கொண்டு திரிகிறவன் வீட்டில், இன்ஜின் துணிக்கு மஞ்சள் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் சிரிப்பார்களே. அந்த வெட்கம்தான் என் கண்ணை மறைத்தது. அந்த மூலையில் நான்கு விரற்கடையை வெட்டி எறிந்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். மூன்று கஜத்தில் நான்கு விரற்கடை. அது எனக்குத் தோன்றவில்லை. துணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

மூலையை மட்டும் நனைத்துச் சோப்புப் போட்டேன். மஞ்சள் குங்குமமாகச் சிவந்தது. பயந்துபோய் மேலும் தேய்த்தேன். சிவப்பு மங்க மங்க, அழுக்கு வளையமாகப் பரவியது. அந்த வளையம் தெரியாமல் இருக்க, துணி முழுவதையும் வாளியில் முக்கினேன். நாலு வாளித் தண்ணீரில் அலசினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. தவலையில் இரண்டு நாள் நின்றால் உள்ளே வெள்ளையாகப் படியும். வேர்வைத் துளிக்குப் பயந்து மாமா நெற்றியில் துண்டு கட்டி நெய்த துணியை, நான் அந்தத் தண்ணீரில் அலசிப் பிழிந்து வெயிலில் போட்டேன். காஞ்சிபுரத்து வெயில் அரை மணியில் உலர்த்திக் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த மஞ்சளையும் வெயிலே குடித்துவிட்டது. துணி பார்க்க முன்பைவிட வெளுப்பாக இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. விருந்துச் சமையலில் இருந்த அக்கா கிணற்றடிப் பக்கம் வரவே இல்லை.

"மஞ்சளைத் துடைச்சி எடுத்துட்டேன். நீ வெச்சதை யாருகிட்டயும் சொல்லாத, மாமாகிட்டயும்" என்றேன் அக்காவிடம். அவள் தலையாட்டினாள்.

அதிகாரி வந்தார். நெற்றியில் விபூதி, குங்குமம். அவர் மனைவி கையில் புதுப்புடவைப் பொட்டலம், கடைக்காரன் மஞ்சள் தடவிக் கொடுத்தது. மஞ்சளைக் கண்டு சிரிக்கிற ஆள் இவர் இல்லை என்று அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்! மில்காரனால முடியாததை இந்த மனுஷன் பண்ணிட்டாரே. டெஸ்ட்ல பாஸாகட்டும், உடனே தறி போட்டுடலாம்" என்றார். மாமா தோளில் இருந்த துண்டு அன்று இடுப்புக்கு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து உலையில் வைத்தோம். மறுநாள் கதவைத் திறந்தபோது துணி இருந்தது, வடிவம் மாறவில்லை. இடுக்கியால் தூக்கினேன். பொரித்த அப்பளம்போல நொறுங்கி விழுந்தது. கூடவே, கண்டில் மிச்சமிருந்த நூலையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தோம். அது துவண்டு, மெத்தென்று, கெடாமல் இருந்தது.

"நூல்ல தப்பு இல்லை. நெசவுலதான் என்னமோ ஆகியிருக்கு. கை வியர்வையோ, கஞ்சியோ. சொன்னா கேக்க மாட்டாங்க இந்த ஆளுங்க" என்றார் அதிகாரி.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் விஞ்ஞானி அல்லவா, நிரூபணம் வேண்டாமா! அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். "ரிசல்ட் வந்துச்சா மச்சான்?" என்று மாமா கேட்டார். "இன்னும் வரல மாமா" என்றேன். பெங்களூர் திரும்பி, யாரும் பார்க்காத மதிய இடைவேளையில் மூன்று நூல் துண்டுகளை உலையில் வைத்தேன். ஒன்று சும்மா இருந்த நூல். ஒன்றில் மஞ்சள் ஒரு பொட்டு. ஒன்று கிணற்றுத் தண்ணீரும் சோப்பும் பட்டது. மறுநாள் அதே இடைவேளையில் திறந்தேன். சும்மா இருந்தது அப்படியே வந்தது. மஞ்சள் வைத்தது பொட்டு இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விறைத்திருந்தது, மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. மூன்றாவதை எடுக்கப் போனபோது இடுக்கி பட்டதும் தூளாயிற்று.

அக்கா வைத்த மஞ்சள் கெடுத்திருந்தால் ஒரு கட்டைவிரல் அளவு கெடுத்திருக்கும். மூன்று கஜத்தையும் கெடுத்தது நான்.

அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதிகாரியின் அறை வாசல்வரை போனேன். அவர் மேசையில் என் வேலையை நிரந்தரமாக்குகிற கோப்பு இருந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நூலை ஈரத்தில் நனைத்தவன் நான் என்று சொன்னால் அந்தக் கையெழுத்து விழாது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுத் தூளை உதறிவிட்டு உள்ளே போனேன். "ரிப்போர்ட் எழுதிடுப்பா" என்றார். எழுதினேன். கைத்தறி நெசவின்போது நூல் மாசுபட்டது, இந்தப் பயன்பாட்டுக்குக் கைத்தறி ஏற்றதல்ல என்று நானே எழுதி, நானே டைப் அடித்து, கீழே நானே கையெழுத்துப் போட்டேன். என் வேலை நிரந்தரமாயிற்று. பிறகு அந்தத் துணியை வெளிநாட்டிலிருந்தே வாங்க அனுமதி கிடைத்தது. அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. இன்ஜின் வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது.

மாமாவிடம் சொல்ல நேரில்தான் போனேன். அந்த அளவுக்காவது ரோஷம் இருந்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

"துணி தேறல மாமா. கைத்தறிக்கு அது ஒத்துவராதாம்."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர்வை பட்டுருக்கும் மச்சான். ஒரு நாள் நாடா எடுக்கும்போது சந்தேகமா இருந்துச்சு. அன்னிக்கே பிரிச்சிருக்கணும். உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனே" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அக்கா கொடுத்த காபியையும் குடித்தேன்.

பஸ் ஏறக் கிளம்பியபோது அக்கா தெருமுனைவரை வந்தாள். "நான் மஞ்சள் வெச்சதாலதான் கெட்டுப்போச்சாடா?" என்று கேட்டாள். இல்லை அக்கா, நான் கழுவியதால் கெட்டது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் இன்னும் வரவில்லை. தெருவில் ஆளும் இல்லை. "அதெல்லாம் இனிமே பேசி இன்னா ஆவப்போவுது, வுடுக்கா" என்றேன். அவளுக்கு அதுவே பதிலாகப் போதுமானதாக இருந்தது.

மாமா மறு வாரம் முதலாளி வீட்டு வாசலுக்குப் போனார். முதலாளி மறந்திருக்கவில்லை. "பெரிய வேலை வந்துருக்குதுன்னியே, இன்னா ஆச்சு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாராம். ஒரு பாவு வாங்குவதற்கு மூன்று நாள் நிற்க வைத்தாராம். கையெழுத்துப் பழகிய காலண்டர் தாள்களை அக்கா அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தாள். பருப்பு டப்பாவைத் தூக்கினால் மாமாவின் கையெழுத்து தெரியும். வரிசை வரிசையாக, கடைசி வரிகளில் நன்றாகவே அழகாகியிருந்தது.

ஏழெட்டு வருஷம் போனது. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை மாமாவே நெய்திருந்தார். முதல் நாள் மாலை, தாம்பாளத்தில் புடவையை வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். யாரோ மஞ்சள் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டினார்கள். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் வெக்கல. வேற யாராவது வெய்ங்க."

"பெத்தவ நீ வெக்காம யாருமா வெப்பாங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"என் கை மஞ்சள் துணிக்கு ஆவாதுமா."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமா சிரித்துச் சமாளித்தார். "எங்க வீட்ல இது ரொம்ப வருஷமா இப்டித்தான்மா. புதுத்துணிக்கு மஞ்சள் வெக்கறதையே வுட்டுட்டா. இன்னாத்துக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா" என்றவர், கிண்ணத்தை வாங்கி என் பக்கம் நீட்டினார். "மச்சான், தாய்மாமன் நீ இருக்கும்போது இன்னா கொறச்சல்? நீ வைப்பா. ராசியான கை."

அப்போதும் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வேண்டாம், அக்காவைத் தனியே அழைத்தாவது சொல்லியிருக்கலாம். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். விரலை மஞ்சளில் தொட்டு முதல் மூலையில் வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"உன் கை பட்டா கெடாதுடா."

நான்காவது மூலையிலும் வைத்தேன்.